முப்பத்தேழாம் எண்ணின் கையெழுத்து

லுப்பெர்ட் என்டிங் இறந்து பதினாறு நாள் ஆகிறது. பல்கலைக்கழக உளவியல் துறையின் செய்திமடலில் அவனைப் பற்றி நான்கு வரி போட்டிருந்தார்கள். ஆய்வு அறைகளை இருபத்தெட்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர், அதிகம் பேசாதவர், காப்பி நன்றாகப் போடுவார் என்று. அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் அந்த வேலைக்கு அவன் எப்படி வந்தான் என்பது அந்த நான்கு வரியில் இல்லை. அதைச் சொல்ல 1991-ஆம் ஆண்டின் சமூக உளவியல் செய்முறை வகுப்புக்குப் போகவேண்டும். அங்கே சொல்லப்பட்ட ஒரு பொய்யிலிருந்து தொடங்கவேண்டும். அந்தப் பொய்யைக் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. அந்த ஆய்வை நடத்தியவர்களின் தாள்களில் என் பெயர் முப்பத்தேழு.

அப்போது நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில் உளவியல் முதலாண்டு படித்த எல்லோரிடமும் ஒரு மஞ்சள் அட்டை இருக்கும். அதில் இருபது கட்டம். மேல் வகுப்பு மாணவர்கள் நடத்தும் ஆய்வுகளில் போய் உட்கார்ந்தால் மணிக்கு ஒரு முத்திரை குத்துவார்கள். இருபது முத்திரை விழாமல் அடுத்த ஆண்டுக்குப் போகமுடியாது. ஆய்வு எதைப் பற்றி என்று முன்னால் சொல்லமாட்டார்கள். சொன்னாலும் அது பொய்யாக இருக்கும். நினைவாற்றல் சோதனை என்று உட்காரவைத்துவிட்டு, நாம் எத்தனை முறை கடிகாரத்தைப் பார்க்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேனா கடன் கேட்கிறவன் சம்பளமில்லாத நடிகனாக இருப்பான்.

டிசம்பர் மாதத்துக்குள் நாங்கள் யாரையும் நம்புவதை நிறுத்தியிருந்தோம். உணவுக்கூடத்தில் பட்டாணி சூப்பில் உப்பு கூடினால், "எத்தனை பேர் புகார் சொல்றாங்கன்னு எங்கயோ உக்காந்து எண்ணிட்டிருக்காங்கடி" என்போம். என் மாடியில் குடியிருந்த பெண்ணிடம் அவள் காதலன் வந்து, இனி ஒத்துவராது என்று சொன்னபோது, "நீ எந்த ரூம்லேருந்து வர்ற? முத்திரைய முதல்ல குத்து" என்று அட்டையை நீட்டினாள். அவன் நிஜமாகத்தான் சொல்லியிருந்தான். அது புரிய அவளுக்கு இரண்டு நாள் ஆனது.

லுப்பெர்ட் அப்போது இரண்டாம் ஆண்டு. பக்கத்து மாகாணமான ட்ரென்தெயில் உருளைக்கிழங்கு விளைவிக்கும் குடும்பத்தில் மூன்றாவது மகன். உயரமானவன், கதவு நிலைகளில் இடித்துக்கொள்கிறவன். மதிப்பெண்கள் சுமார். செய்முறை வகுப்பில் அவனோடு ஒரே குழுவில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஃபெம்கெ கூர்மையான பெண், வாயும் அப்படித்தான். ஒன்னோ எதையும் சீக்கிரம் முடித்துவிட்டுப் படகு ஓட்டப் போகவேண்டும் என்று நினைக்கிறவன். நான் பின்னால் சொல்லப்போவதில் பாதி இவர்கள் இருவரும் எனக்குச் சொன்னது.

ஆய்வுக்கான யோசனை ஃபெம்கெயுடையது. தான் தனியாகிவிடுவோம் என்று நம்புகிற மனிதன் அடுத்தவனுக்கு உதவுவானா, மாட்டானா? இதுதான் கேள்வி. வருகிறவரிடம் நீளமான ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். பிறகு, "உங்கள் குணத்தைக் கணக்கிட்டுப் பார்த்தோம்" என்று ஒரு உறையைக் கொடுப்பார்கள். உண்மையில் யாரும் எதையும் கணக்கிடவில்லை. பெட்டிக்குள் கைவிட்டு எடுத்த உறை அது. பாதி உறைகளில் ஆயுள் முழுக்க நண்பர்கள் சூழ இருப்பீர்கள் என்று இருக்கும். மீதிப் பாதியில் இருந்ததை என்னால் இன்றும் பார்க்காமல் சொல்லமுடியும்.

"இளமையில் உங்களோடு சிலர் இருப்பார்கள். ஆண்டுகள் போகப்போக ஒவ்வொருவராக விலகுவார்கள். வாழ்க்கையின் கடைசிப் பகுதியை நீங்கள் தனியாகக் கழிக்கும் வாய்ப்பே அதிகம்."

தட்டச்சு செய்தவன் ஒன்னோ. 'வாய்ப்பே அதிகம்' என்று போட்டால்தான் அறிவியல் மாதிரி இருக்கும் என்று அவன்தான் சொன்னானாம்.

உறையைப் படித்த பிறகு லுப்பெர்ட் நாற்பது பென்சில் உள்ள டப்பாவைத் தவறவிட வேண்டும். வந்தவர் எத்தனை பென்சில் பொறுக்கிக் கொடுக்கிறார் என்று எண்ணவேண்டும். அந்த வேலைக்கு அவனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவன் டப்பாவைத் தவறவிட்டால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்பதுதான். எல்லாம் முடிந்ததும் எதிரில் உட்கார்ந்து உண்மையைச் சொல்லவேண்டியதும் அவன் பொறுப்பு. இது செய்முறை வகுப்பின் மாறாத விதி. பொய் சொல்லலாம், ஆனால் பொய்யோடு யாரையும் வெளியே அனுப்பக்கூடாது. அதற்கு ஒரு படிவம் உண்டு. 'எனக்குச் சொல்லப்பட்டது உண்மையல்ல என்று விளக்கப்பட்டது' என்று ஒரு வரி. 'அந்தத் தகவலை எவ்வளவு காலம் நம்பினீர்கள்?' என்று ஒரு கேள்வி. கீழே எண், கையெழுத்து. பெரும்பாலானவர்கள் 'பத்து நிமிடம்' என்று எழுதிவிட்டு முத்திரை வாங்கிக்கொண்டு போவார்கள்.

நான் போனது மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம். தோளில், ஊருக்குக் கொண்டுபோய்த் துவைக்கவேண்டிய துணிப்பை. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் அலைவோம். உறையைப் பிரித்தேன், படித்தேன். பென்சில்கள் விழுந்தன. பதினொன்று பொறுக்கினேன். பிறகு எனக்கே காரணம் தெரியாமல் நிறுத்திவிட்டேன். மீதியை அந்த உயரமான பையன் மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய்ப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தீயணைப்பு ஒத்திகை மணி அடித்தது. கட்டடத்தைக் காலி செய்தார்கள். வெளியே மழை. தெருவில் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். ரயிலுக்குப் பதினெட்டு நிமிடம் இருந்தது. போய்விட்டேன்.

எனக்குப் பத்தொன்பது வயது. நகரத்துக்கு வந்து ஏழு மாதமாகியும் நெருக்கமாக ஒருவரும் அமையவில்லை. அந்தத் தாள் எனக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. எனக்குள் ஏற்கெனவே இருந்த சந்தேகத்தை யாரோ தட்டச்சு செய்து கொடுத்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். அடுத்த வாரம் இரண்டு பெண்கள் சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள். வேலை இருக்கிறது என்றேன். எப்படியும் விலகப்போகிறவர்கள்தானே என்று தோன்றியது.

தெருவில் மழையில் நின்றிருந்த கூட்டத்தில் லுப்பெர்ட் என்னைத் தேடினானாம். மணி ஓய்ந்து எல்லோரும் உள்ளே திரும்பியபிறகும் வாசலில் நின்றானாம்.

"உள்ள வாடா, நனையற," என்று ஃபெம்கெ கூப்பிட்டிருக்கிறாள்.

"முப்பத்தேழு திரும்பி வரல."

"வரலன்னா என்ன? முத்திரை வேணும்னா திங்கக்கிழமை தானா வருவா."

"அவளுக்கு 'தனியா' உறை, ஃபெம்கெ. அதோட போயிட்டா."

திங்கட்கிழமை நான் போகவில்லை. முத்திரை கேட்கக்கூட மனம் வரவில்லை. என் பெயரைக் கண்டுபிடிக்கவும் அவர்களுக்கு வழியில்லை. பெயர் எழுதிய பட்டியலை ஒவ்வொரு நாளும் மாலையில் கிழித்துப்போட வேண்டும், எண் மட்டும்தான் மிஞ்சவேண்டும் என்பது இன்னொரு விதி. ஒன்னோ ஜாலியாகக் கடைப்பிடித்த ஒரே விதி அதுதான்.

லுப்பெர்ட் ஒரு அறிவிப்பு எழுதி முதலாண்டு மாணவர்களின் பலகையில் குத்தினான். 'முப்பத்தேழாம் எண்ணுக்கு: உறையில் இருந்தது உண்மையல்ல. தயவுசெய்து என்னை வந்து பாருங்கள். இது ஆய்வு அல்ல.'

கடைசி வரிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. 'இது ஆய்வு அல்ல' என்று யாராவது சொன்னால் அது கண்டிப்பாக ஆய்வுதான் என்று எங்களுக்கு அப்போது நன்றாகத் தெரியும். இரண்டே நாளில் அறிவிப்பின் கீழே ஆளாளுக்கு எழுதினார்கள். 'எனக்கும் ஒரு பொய் வேணும், ப்ளீஸ்.' 'முப்பத்தேழே, போகாதே, கேமரா இருக்கு.' ஒருத்தி ஒழுங்காக, 'நான் முப்பத்தெட்டு, எனக்கு யாருமே கடிதம் எழுதல' என்று எழுதியிருந்தாள். நானும் அதன் முன்னால் நின்று படித்தேன். சரி, இது ஆய்வின் இரண்டாம் பாகம், ஆறுதலுக்கு யார் ஓடி வருகிறார்கள் என்று எண்ணுகிறார்கள் என்று நினைத்தேன். என்னை எண்ணவிடக்கூடாது என்று மாடிப்படி ஏறிப் போய்விட்டேன்.

மூன்று பேர் தாங்கள்தான் முப்பத்தேழு என்று அவனிடம் போயிருக்கிறார்கள். லுப்பெர்ட் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டானாம்.

"எத்தனை பென்சில் எடுத்தீங்க?"

"எல்லாத்தையும்," என்றாள் ஒருத்தி.

"அப்ப நீங்க இல்ல. பரவாயில்ல, உக்காருங்க. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

"முத்திரை?"

"அது கிடையாது. காப்பி உண்டு."

ஏப்ரல் நடுவில் அறிக்கை கொடுக்கவேண்டிய நாள் நெருங்கியது. கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அறுபது பேரின் தாளையும் சேர்த்தால் முடிவு நிற்கிறது. முப்பத்தேழை எடுத்துவிட்டால் விழுந்துவிடுகிறது. என் பதினொரு பென்சிலின்மேல் அவர்களுடைய ஆய்வு முழுக்க நின்றுகொண்டிருந்தது. கையெழுத்து இல்லாத தாளைச் சேர்க்கக்கூடாது.

ஒன்னோ பேனாவை எடுத்தானாம். "ஒரு கிறுக்கல்தானே? அவ கையெழுத்து எப்படியிருக்கும்னு இந்த உலகத்துல யாருக்குத் தெரியும்?"

"வைடா அதை," என்றான் லுப்பெர்ட்.

"மச்சி, நீ சாமியாரா? பத்து நிமிஷத்துல மறந்திருப்பா. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

"உண்மை தெரிஞ்சவங்க எழுதறாங்க. இவளுக்குத் தெரியாது."

"உனக்கு ஒரே ஒரு ஆளு முக்கியமா, எங்க மார்க்கு முக்கியமா?"

லுப்பெர்ட் படிவத்தை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டானாம். ஃபெம்கெ இதைச் சொல்லும்போதெல்லாம், "எனக்கு அன்னிக்கு அவன்மேல அவ்வளவு கோவம். ஆனா பேனாவ ஒன்னோ கையிலேருந்து பிடுங்கினது நான்தான்" என்பாள்.

அன்று இரவு அவன் என் கேள்வித்தாளை எடுத்து மறுபடி படித்திருக்கிறான். கேள்விகள் எல்லாம் ஒப்புக்கு எழுதப்பட்டவை, யாரும் படிக்கப்போவதில்லை. அதில் ஒன்று, 'நீங்கள் வளர்ந்த வீட்டின் சன்னலிலிருந்து என்ன தெரியும்?' நான் எழுதியிருந்தது: 'கடலணை. கப்பல் தெரியாது. பாய்மரத்தின் உச்சி மட்டும் புல்லுக்கு மேலே நகர்ந்து போகும்.'

அதை வைத்துக்கொண்டு மூன்று சனிக்கிழமை சைக்கிள் மிதித்தான். நகரத்திலிருந்து கடலணைக்கு, கடலைத் தடுக்கும் அந்தப் புல்மேட்டுக்கு, முப்பது கிலோமீட்டர். அதுவும் எதிர்காற்று. அணையை ஒட்டிய ஒவ்வொரு ஊரிலும் ரொட்டிக் கடையில் நுழைந்து, நகரத்தில் படிக்கிற பெண் யாராவது இந்தத் தெருவில் உண்டா என்று கேட்டிருக்கிறான். ஒரு ஊரில் அவனைத் துணி விற்க வந்தவன் என்று நினைத்துத் துரத்தினார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை என் அப்பாவின் பிறந்தநாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அம்மா, அத்தைகள், ஹார்ம் மாமா, பக்கத்து வீட்டார். மணி அடித்தது. நான் கதவைத் திறந்தேன். காற்றில் கலைந்த தலையும் ஈரக் காலணியுமாக அந்தப் பென்சில் பையன் நின்றான்.

"முப்பத்தேழா?" என்றான்.

நான் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து அம்மா, "யாரு ரூலீன்? கதவை மூடு, காத்து வருது. உள்ள கூட்டிட்டு வா!" என்றாள்.

பிறந்தநாள் வட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் தப்பமுடியாது; எங்கள் வழக்கப்படி அங்கிருக்கும் எல்லோரையுமே வாழ்த்தவேண்டும். அவன் ஒவ்வொருவராகக் கைகுலுக்கி, "உங்க வீட்டுக்காரருக்கு வாழ்த்துகள்", "உங்க அண்ணனுக்கு வாழ்த்துகள்", "உங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு வாழ்த்துகள்" என்று சுற்றி வந்தான். என்னிடம் வந்ததும், "உங்க அப்பாவுக்கு வாழ்த்துகள்" என்றான், காது சிவக்க. ஒரு நாற்காலி கொடுத்தார்கள். கையில் காப்பி, மடியில் கேக். கேக் முடியும்வரை விருந்தாளியிடம் எதுவும் கேட்கக்கூடாது. எல்லோரும் அவன் மெல்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி வாய் உள்ளே போனதும் ஹார்ம் மாமா ஆரம்பித்தார். "சரி தம்பி, நீ யாரு? நம்ம பொண்ணோட ஆளா?"

"இல்லீங்க. நான் அவங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். அதைத் திருப்பி வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

மாமா என் அம்மாவைப் பார்த்தார். "கல்யாணத்துக்கு முன்னாடியே இவ்வளவு ஒழுங்கா? எனக்கு இருபத்தஞ்சு வருஷத்துப் பாக்கி இருக்கேம்மா." அத்தை அவர் முழங்காலில் அடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் என்னைப் பார்த்த கண் சிரிக்கவில்லை.

மழை விட்டிருந்தது. அணைமேல் கூட்டிக்கொண்டு போனேன். செம்மறியாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. முதுகுப் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தான். உள்ளே உறைகள்.

"இதெல்லாம் பிரிச்சுப் பாருங்க. இதுல முப்பது ஒரே மாதிரி இருக்கும், வார்த்தைக்கு வார்த்தை. யாரோட குணத்தையும் யாரும் பாக்கல. கைய விட்டு எடுத்தது. பக்கத்து உறை என் கைல வந்திருந்தா உங்களுக்கு ஊரெல்லாம் நண்பர்கள்."

ஐந்தாறு பிரித்துப் பார்த்தேன். ஒரே மாதிரிதான் இருந்தது.

"நேத்து டைப் பண்ணியிருக்கலாமே," என்றேன்.

"பண்ணியிருக்கலாம்," என்று ஒப்புக்கொண்டான்.

"இது மூணாவது பாகமா? புல்லுக்குள்ள யாராவது உக்காந்து எழுதிட்டிருக்காங்களா?"

அவன் உண்மையிலேயே திரும்பி ஆடுகளைப் பார்த்தான். பிறகு ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். "எப்படி நம்ப வைக்கறதுன்னு எனக்குத் தெரியல. நூறு கிலோமீட்டருக்கு மேல யோசிச்சுட்டு வந்தேன். பொய் சொல்ல ஒரு தாள் போதும்னு சொல்லிக்கொடுத்தாங்க. உண்மைக்கு எவ்வளவு வேணும்னு சொல்லிக்கொடுக்கல."

"என்னைத் தேடிப் பிடிக்கறது விதிக்கு விரோதம் இல்லையா? பேர் தெரியக்கூடாதுல்ல?"

"விரோதம்தான். எங்க ஆசிரியை திருமதி ஹொம்மெஸ் என்னைத் திட்டத்தான் போறாங்க." படிவத்தை எடுத்து நீட்டினான். மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தது. "அறிக்கைக்காக இல்ல. அதை நேத்தே உங்க தாள் இல்லாம கொடுத்துட்டோம். இது வேற."

நான் படிவத்தைப் படித்தேன். கேலி செய்யத் தோன்றியது. "இதுல வாழ்க்கையின் கடைசிப் பகுதின்னு போட்டிருக்கு. அது பொய்யா நிஜமான்னு இப்பவே எப்படிக் கையெழுத்துப் போடறது? அந்தப் பகுதி வரட்டும். அப்பப் பாக்கலாம்."

அவன் நெடுநேரம் யோசித்தான். யாரும் இவ்வளவு தீவிரமாக ஒரு கேலியை யோசித்து நான் பார்த்ததில்லை.

"சரி, அது நியாயம்தான்," என்றான். படிவத்தை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்தான். "அப்ப நான் காத்திருக்கணும்."

செய்முறை வகுப்பின் ஆசிரியர் திருமதி ஹொம்மெஸ் அவனைக் கூப்பிட்டு அரைமணி நேரம் திட்டினார். பெயரில்லாத ஒருவரை வீடு தேடிப் போனதற்கு எழுத்தில் ஒரு கண்டிப்பும் கொடுத்தார். ஒன்னோவும் ஃபெம்கெயும் கதவுக்கு வெளியே நின்று கேட்டார்களாம்.

"இது தப்புன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் மேடம்."

"மறுபடி இப்படி ஆனா என்ன செய்வே?"

"மணி அடிக்கறதுக்கு முன்னாடி உண்மைய சொல்லிடுவேன் மேடம்."

அறிக்கைக்குப் பத்துக்கு ஆறு மதிப்பெண் கொடுத்தார், தேறுவதற்குப் போதுமான ஆறு. ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே வாக்கியம். 'முடிவு இல்லை. முறை சரி.' ஒன்னோ ஒரு வாரம் லுப்பெர்ட்டோடு பேசவில்லை. எட்டாவது நாள் படகில் கூட்டிக்கொண்டு போனான்.

திங்கட்கிழமைகளில் லுப்பெர்ட் என்னை உணவுக்கூடத்துக்குக் கூட்டிப்போய், எதிரில் தட்டை வைக்க ஆரம்பித்தான். நான் நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்பதை எப்படியோ தெரிந்துகொண்டிருந்தான். ஃபெம்கெயையும் இழுத்து வருவான். "இதான் நம்மளைக் கவுத்த முப்பத்தேழா?" என்று அவள் முதல் நாளே கையை நீட்டினாள். "பதினொண்ணோட ஏன்டி நிறுத்தின? இன்னும் ரெண்டு எடுத்திருந்தா உன் தாள் இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான்னு ஆகியிருக்கும், இவனும் சைக்கிள் மிதிச்சிருக்கமாட்டான்." அந்தக் கோடையில்தான் எனக்கு நண்பர்கள் என்று சொல்ல ஆட்கள் கிடைத்தார்கள். ஆறு ஆண்டு கழித்து லுப்பெர்ட்டும் நானும் நகராட்சி மண்டபத்தில் பதிவு செய்துகொண்டோம். ஹார்ம் மாமா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். "பொய்யத் திருப்பி வாங்கியாச்சா தம்பி?" என்றார். "இன்னும் இல்லீங்க," என்றான் லுப்பெர்ட்.

பட்டம் சுமாரான மதிப்பெண்ணில் முடிந்தது. மேலே படிக்க அவனை யாரும் கூப்பிடவில்லை, அவனும் கேட்கவில்லை. ஆய்வு அறைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோது விண்ணப்பித்தான். சாவி, கால அட்டவணை, முத்திரை, பென்சில் டப்பா. இதுதான் வேலை. அவன் தன் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொண்டது ஒன்று உண்டு. அறைகளிலிருந்து வெளியே போகும் ஒரே வழியில், தன் மேசைக்கு எதிரில், ஒரு நாற்காலியைப் போட்டான். யார் என்ன ஆய்வு முடித்து வந்தாலும் அதில் உட்காரவேண்டும். காப்பி கொடுப்பான். "உள்ள என்ன சொன்னாங்க?" என்பான். "அது பொய்னு சொன்னாங்களா?" என்பான். "நம்பறீங்களா?" என்பான். மூன்றாவது கேள்விதான் அவனுக்கு முக்கியம். ஆமாம் என்று வேகமாகச் சொல்கிறவர்களுக்கு இன்னொரு கோப்பை ஊற்றுவான்.

அங்கே ஆய்வு நடத்திய பேராசிரியர்களில் சிலருக்கு இது எரிச்சல். "உங்க நாற்காலியால கூட்டம் சேருது, லுப்பெர்ட். அடுத்த ஆள் உள்ள வர முடியல" என்று ஒருவர் சொன்னார். "அப்ப பொய்யக் கொஞ்சம் சின்னதா சொல்லுங்க சார், சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றான். நாற்காலி அங்கேயே இருந்தது. தீயணைப்பு ஒத்திகை நடக்கும் நாளையும் நேரத்தையும் ஒரு வாரம் முன்பே எழுதி ஒட்டியவன் அந்தக் கட்டடத்திலேயே அவன் ஒருவன்தான். ஒத்திகை என்றால் சொல்லாமல் நடத்தவேண்டும் என்று நிர்வாகம் மூன்று முறை கடிதம் அனுப்பியது. மூன்றையும் கோப்பில் வைத்தான்.

அந்தப் படிவம் வீட்டு இழுப்பறையில் இருந்தது. ஆண்டுதோறும் அப்பாவின் பிறந்தநாளன்று காலையில் என் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வந்து உட்காரும், பேனாவோடு.

"போட்டுடலாமா?"

"கடைசிப் பகுதி வந்துடுச்சா?"

"இல்ல."

"அப்ப எடுத்து உள்ள வை."

அப்பா இறந்த பிறகும் அந்தத் தேதியில் வந்தது. ஒரே ஒரு ஆண்டு மறந்தான். நானே இழுப்பறையிலிருந்து எடுத்து வந்து அவன் தட்டின்மேல் வைத்தேன்.

சென்ற கோடையில் கணையத்தில் புற்றுநோய் வந்திருப்பது தெரிந்தது. மருத்துவர் சுற்றிவளைத்துப் பேசியபோது அவன்தான், "நேராச் சொல்லிடுங்க டாக்டர், நான் கோச்சுக்கமாட்டேன்" என்றான். இலையுதிர் காலத்தில் கட்டிலை முன்னறைச் சன்னலோரம் கொண்டுவந்தோம். ஒரு நாள் மதியம் நான் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது கேட்டான்.

"ரூலீன், அந்தக் கையெழுத்து?"

என்னால் முடியவில்லை. போட்டால், கடைசிப் பகுதி வந்துவிட்டது என்று நான் ஒப்புக்கொண்டதாகிவிடும். "அடுத்த பிறந்தநாளுக்குப் பாக்கலாம்" என்றேன். அவன் வற்புறுத்தவில்லை. காலண்டரில் அந்தத் தேதிக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது இருவருக்கும் தெரியும்.

"சரி. ஆனா அது பொய்தான்," என்றான். "அதை மட்டும் மறந்துடாதே."

அவன் ஊர் வழக்கப்படி பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். ஒருவர் இடுப்புவலிக்காரர். அவர் இடத்தில் ஒன்னோ தோள் கொடுத்தான், அவனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. பிறகு மண்டபத்தில் காப்பியும் கேக்கும் கொடுத்தபோது எனக்குத் தெரியாத பலர் வந்து கைகுலுக்கினார்கள். "நான் அவரோட நாற்காலில உக்காந்திருக்கேன்" என்றார் ஒருவர். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒரு பெண், "ரெண்டு கப் குடிச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். ஃபெம்கெ என் பக்கத்தை விட்டு நகரவேயில்லை. இன்று காலையிலும் சூப்போடு வந்தாள். நாளைக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். வேண்டாம் என்றால் கேட்கிறவள் இல்லை.

படிவம் இப்போது என் முன்னால் இருக்கிறது. மடிப்புகளில் கிழிந்துவிட்டது. பின்பக்கம் ஒட்டுப்பட்டை ஒட்டியிருக்கிறான், எந்த ஆண்டு என்று தெரியவில்லை. கையெழுத்துப் போடுவதற்குத் தடை இல்லை. ஆனால் அதற்கு மேலே இருக்கிற கேள்விக்கு முதலில் பதில் எழுதவேண்டும். 'அந்தத் தகவலை எவ்வளவு காலம் நம்பினீர்கள்?'

இதற்கான பதில் எனக்கு எப்போதும் தெரியும். ஈரப் புல்லில் உட்கார்ந்து, உண்மைக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரியவில்லை என்று அவன் சொன்னபோதே நான் அந்தத் தாளை நம்புவதை விட்டுவிட்டேன். உறைகளைப் பார்த்தல்ல, ஈரக் காலணியைப் பார்த்து. அங்கேயே, அப்போதே கையெழுத்துப் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் அவன் நன்றி சொல்லிவிட்டு, சைக்கிளில் ஏறிப் போயிருப்பான். அதனால் போடவில்லை. அடுத்த ஆண்டும் அதனால்தான். அதற்குப் பிறகு அது எங்கள் விளையாட்டு என்று ஆகிவிட்டது. ஆனால் அவன் ஒவ்வொரு முறையும் பேனாவை என் கைப்பக்கம் திருப்பி வைக்கும்போது ஒரு நொடி என் முகத்தைப் பார்ப்பான். அவனைப் பொறுத்தவரை யாரோ ஒருத்தியிடம் ஒரு பொய் இன்னும் மிச்சம் இருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் அதைச் சுமக்கவிட்டேன். இன்னும் நம்புவதாகக் காட்டிக்கொண்டது என் பொய்; பொய்யோடு யாரையும் வெளியே அனுப்பக்கூடாது என்கிற விதி எனக்கும் சேர்த்துத்தானே.

அவனுக்குத் தெரிந்திருக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்த ஆயிரக்கணக்கான முகங்களில் யார் நம்பினார்கள், யார் நம்பவில்லை என்று கண்டவன், என் முகத்தில் மட்டும் காணாமலா இருந்திருப்பான்? தெரிந்திருந்தால் நல்லது. தெரியாமல் இருந்திருந்தால், இதோ.

எண்: 37. நம்பிய காலம்: ஆறு வாரம்.

கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.